டிங்கர் கேட்ட ஒரே கேள்வி

பெங்களூரில் அவசரக்காரர்களைத் தண்டிக்க இரண்டே சக்திகள்தான் உண்டு. ஒன்று டிராஃபிக். இன்னொன்று எங்கள் ஆடுகோடி ஏரியா டிங்கர். டிராஃபிக்கிடமிருந்தாவது மெட்ரோ ஏறித் தப்பிக்கலாம்.

அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காரில் விழுந்த ஒடுக்கைத் தட்டி எடுக்கிற வேலைக்கு டிங்கரிங் என்று பெயர். அதனால் அவர் டிங்கர். என் மெக்கானிக் ஷெட்டும் அவர் ஷெட்டும் பக்கத்துப் பக்கத்தில். இருபது வருஷமாக இருவருக்கும் காற்றடிக்க ஒரே கம்ப்ரசர். அவருக்குப் பேச்சு திக்கும். தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் திக்கும். பாரபட்சம் கிடையாது.

திக்குகிறவர் வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவன் என்ன செய்கிறான்? வாக்கியத்தைத் தானே முடித்துவிடுகிறான். உதவி செய்கிறானாம்! டிங்கர் மறுக்கவே மாட்டார். யார் எப்படி முடித்தார்களோ, அப்படியே செய்துவிடுவார்.

ஒரு சாஃப்ட்வேர் ஆசாமி ஒடுங்கிய கதவோடு வந்தான்.

"சார், இந்த டோரை மா... மா..."

"மாத்தணும், அவ்ளோதானே? மாத்திடுங்க, எனக்கு மீட்டிங் இருக்கு!"

டிங்கர் சொல்ல வந்தது, மாற்றவே வேண்டாம், பத்து நிமிஷம் தட்டினால் போதும் என்று. சாயங்காலம் அவன் வந்தபோது காரில் புதுக் கதவு. பழைய கதவு, ஒடுக்கு எடுத்து, புதுசு போலப் பின் சீட்டில் படுத்திருந்தது. அவன் குதித்தான்.

"நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார் டிங்கர். இந்த ஒரு வாக்கியம் மட்டும் அவருக்குத் திக்கவே திக்காது.

இன்னொரு வித்தையும் அவரிடம் உண்டு. பழைய கார் வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிப்போவார்கள். பளபளக்கிற பெயின்ட்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே காரைச் சுற்றி வருவார். ஒடுக்கை மறைக்கப் பூசிய பட்டி எங்கே இருந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். உதட்டைப் பிதுக்குவார். வியாபாரம் முறிந்தது.

என் மகள் ரேகா பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பேச்சுப் பயிற்சி படிப்புதான் படிப்பேன் என்றாள். திக்குகிறவர்கள், காது கேளாத குழந்தைகள், பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்கள், இவர்களுக்கெல்லாம் உதவுகிற பட்டப்படிப்பு. இரண்டு காலேஜில் சீட் கிடைத்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நாலு வருஷம் போச்சு. நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

"டிங்கர் மாமாவையும் கூட்டிட்டுப் போலாம்ப்பா."

"காலேஜ் என்னடி செகண்ட் ஹேண்ட் காரா?"

"வரட்டும்பா. அவருக்குத்தானே தெரியும்."

முதல் காலேஜ் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏசி. ஜூஸ் கொடுத்தார்கள். என் மனசு அங்கேயே ஒட்டிக்கொண்டது. டிங்கர் ரிசப்ஷன் தூணைத் தட்டினார். டொக்கு டொக்கு என்றது. பிளைவுட். லேபில் இருந்த மெஷின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. துறைத் தலைவியம்மா எங்களை உட்கார வைத்தார்.

"மேடம், இங்க படிக்கிற ப... ப..."

"பசங்க எல்லாம் ஃபாரின் போறாங்க சார்!"

"இல்ல மேடம், அந்தப் பசங்க வெ... வெளிய..."

"வெளிய விடவே மாட்டோம் சார், ஹாஸ்டல் ரொம்ப ஸ்ட்ரிக்ட்!"

மூன்றாவது முறையும் தொடங்கினார். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பதில் வந்தது.

"சரி மேடம், ஆய்த்து" என்று கன்னடத்தில் முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார் டிங்கர்.

இரண்டாவது காலேஜ் சந்தாபுரா பக்கம். சுவரில் சுண்ணாம்பு உரிந்து தொங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதிலா என் பெண் படிப்பாள்? ஆனால் வராந்தா பெஞ்சில் உட்கார இடம் இல்லை. அத்தனை கூட்டம். பேச்சுப் போன ஒரு பெரியவர் முன்னால் ஒரு மாணவி வாழைப்பழப் படத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவரும் வாயைக் கோணிக் கோணிப் பார்த்தார். அவள் முகத்தில் சலிப்பே இல்லை. எனக்குத்தான் "வாழைப்பழம்!" என்று கத்த வேண்டும் போலிருந்தது.

அங்கே ஒரு டீச்சர் எங்களைப் பார்த்தார். டிங்கர் ஆரம்பித்தார்.

"மேடம், இங்க ப... ப..."

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. மேஜையில் போன் அடித்தது, எடுக்கவில்லை. அவர் கண்ணும் டிங்கர் முகத்தை விட்டு நகரவில்லை. எனக்கு வேர்த்தது. நானே முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ரேகா என் காலை மிதித்தாள். செருப்போடு.

"...படிக்கிற பசங்க, பாஸ் பண்ணி வெளிய போறதுக்குள்ள, என்னை மா... மாதிரி எத்தனை பேரு கூட உக்காந்திருப்பாங்க?"

இதுதான் கேள்வி. முழுசாக வெளியே வந்துவிட்டது.

"ரெண்டாவது வருஷத்துல இருந்து தினமும் காலையில இங்கதாங்க உக்காரணும்" என்றார் டீச்சர். "கன்னடம், தமிழ், உருது, எல்லாரும் வருவாங்க. பாஷை தெரியாதுன்னு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. மூணு வருஷம் கிளாஸு, நாலாவது வருஷம் முழுக்க பேஷண்ட்தான்."

டிங்கர் உரிந்த சுவரைத் தட்டினார். கெட்டிச் சத்தம். "ப... பட்டி இல்லண்ணா" என்றார் என்னிடம்.

திரும்பும்போது காரில் நான் கத்தினேன். "செவுரு உரிஞ்சி கெடக்கு! கண்ணாடி காலேஜ்லயே சேத்துடறேன்."

"அங்க மாமாவை ஒரு வார்த்தை பேச விட்டாங்களாப்பா? பேச்சு சொல்லித் தர்ற எடத்துல!"

"அதுக்கென்னடி இப்போ? நானுந்தான் பேச விடறதில்ல!"

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. ரேகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மைதான். பதினெட்டு வருஷமாகக் கம்ப்ரசர் இரைச்சலில் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நானே முடித்துவைத்திருக்கிறேன். எத்தனை தப்பாக முடித்தேனோ, மனுஷன் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆடுகோடி சிக்னலில் வண்டி நின்றது. பின் சீட்டிலிருந்து டிங்கர் தொடங்கினார்.

"அண்ணா, ப... ப..."

என்ன சொல்லப் போகிறார்? என்னைத் திட்டப் போகிறாரா? திட்டட்டும். முழுசாகத் திரும்பி உட்கார்ந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். யாரோ கன்னடத்தில் என் பரம்பரையை விசாரித்தார். நான் அசையவில்லை.

"...பச்சை விழுந்துடுச்சுண்ணா, போ."

திரும்பிப் பார்த்தேன். மறுபடி சிவப்பு விழுந்திருந்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது.

ரேகா இப்போது சுண்ணாம்பு உரிந்த காலேஜில் மூன்றாவது வருஷம். காலையில் மூன்று பாஷையில் பேஷண்ட் பார்க்கிறாள். டிங்கருக்கு இன்னும் திக்குகிறது. அவர் ஷெட்டுக்குள் வந்து வாயைத் திறந்தால், நான் முதலில் கம்ப்ரசரை அணைத்துவிடுகிறேன்.