நடுவிலா, வெட்டிலா: ஒரு அக்ரிலிக் பட்டை உடைந்த வரலாறு

அன்புள்ள மருமகளுக்கு,

போர்டு எழுதிப் பிழைக்கும் உன் தாய்மாமன் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். கடையில் முக்கால்வாசி சுகம். மீதி இன்னும் காயவில்லை.

முதலில் ஒன்று. நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். சொன்னதோடு விட்டேனா? சிவப்புப் பெயிண்டில் "நடுவில்தான் உடையும்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கடை வாசலிலேயே மாட்டினேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் வந்து, "எந்தக் கட்சியண்ணே சொல்றீங்க?" என்றார்.

அவருக்கு உன் ஆராய்ச்சியை நானே விளக்கினேன். "ஒரு தகட்டிலே ஒவ்வொரு புள்ளியும் ஒட்டி நிக்கிற புள்ளியோட மட்டும் இல்லய்யா, கொஞ்சம் தள்ளி நிக்கிறதோடயும் கை கோத்திருக்கும். ரொம்ப இழுத்தா பிடி விட்டுடும். விட்ட பிடி விட்டதுதான். அப்படிப் பிடி விட்டுப்போற வழிதான் விரிசல். இதுக்குப் பேரு பெரிடைனமிக்ஸ், பாதி நான் கண்டுபிடிச்சது" என்றேன். "எவ்வளவு தூரம் வரைக்கும் கை எட்டும்?" என்று கேட்டார் மனுஷன். எனக்கும் அது தெரியாததால் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீ சொன்னபடியே அக்ரிலிக்கில் பட்டை வெட்டி, நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி அடிப்பக்கம் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, இரண்டு ஸ்டூலுக்கும் குறுக்கே பாலம் மாதிரி, குறுகிய விளிம்பில் நிறுத்தி வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டேன். முதல் தடவை பட்டை குப்புறச் சாய்ந்தது. இரண்டாம் தடவை ஸ்டூல் நழுவி, வாளித் தண்ணீர் முழுக்கக் காயாமல் கிடந்த பல் டாக்டர் போர்டு மேல் கொட்டி, அதில் நான் வரைந்திருந்த சிரிப்பு கன்னம் வரைக்கும் வழிந்துவிட்டது. உன் அத்தை, "படிச்ச பிள்ளை வேலையை உங்ககிட்ட கொடுத்ததே தப்பு, திங்கட்கிழமை அவ பரிட்சைக்காரங்க முன்னாடி நிக்கணும், கணக்கு நிஜத்தோட ஒத்துவரலைன்னா மூணு வருஷம் போச்சுன்னு அழுதாளே" என்று கத்திக்கொண்டே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் தடவை, பதினாலாவது கப் தண்ணீர் ஊற்றும்போது, பட்டாசு மாதிரி டப்! ஸ்டூலைப் பிடித்தவள் தையல்காரர் காலை மிதிக்க, அவர் டீயோடு வாசலுக்கே போய்விட்டார்.

உடைந்தது எங்கே? நட்டநடுவில்! உன் கம்ப்யூட்டர் வெட்டிலிருந்து உடையும் என்றது, நான் நடுவென்றேன். வருத்தப்படாதே, கணக்கைத் திருத்திக்கொள். துண்டுகளை இதோடு பார்சலில் வைக்கிறேன். உன் அம்மாவுக்கு என் விசாரிப்பு. தீர்க்காயுசாக, தைரியமாக இரு.

உன் மாமா.

பி.கு.: பார்சல் கட்டும்போது உன் அத்தை, விரிசல் இப்படித்தான் போகும் என்று நீ அனுப்பிய படத்தின் மேல் துண்டுகளை வைத்தாள். "ஏங்க, இதுவா நடு?" என்றாள். இல்லை, மருமகளே. நடுவில் உடைந்தது என்ற அந்த ஒன்றை மட்டும் நான் இட்டுக்கட்டிவிட்டேன். வெட்டிலிருந்துதான் உடைந்தது, நேரே மேலே போகாமல், வாளி தொங்கிய பக்கமாகச் சாய்ந்து, நீ வரைந்த கோட்டின் மேலேயே போயிருக்கிறது. ஒரு எண்ணைக்கூட மாற்றாதே. பரிட்சை முடிந்ததும் வந்து ஒன்றைச் சொல்லிவிட்டுப் போ: பாரம் எந்தப் பக்கம் தொங்குகிறதென்று விரிசலுக்கு யார் சொன்னது?