மாமியார் வீட்டுக் கோழிக்கூட்டில் சூரிய மின்சாரம்

மாமியார் வீட்டில் புத்திசாலி என்று பெயரெடுக்க ஆசைப்படுகிறவன், பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவது நல்லது. எனக்கு இந்த ஞானம் வந்தது எண்பதுகளின் நடுவில், கலும்பாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், கோழிக்கூட்டின் முன்னால் நின்றபோது.

அப்போது ரவாங்கில் ஒரு மின்சாதனக் கடையில் வேலை. (வேலை என்றால், பெரும்பாலும் மின்விசிறிகளைத் துடைத்து வைப்பது.) எனக்கும் செல்விக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. அவள் அப்பா தோட்டத்து மண்டோர். ஆட்களை வேலை வாங்கி வாங்கி முகம் இறுகிப்போன மனிதர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தோட்டத்து ஜெனரேட்டர் சாயங்காலம்தான் ஓடும். பகலில் லயத்து வரிசை வீடுகளில் மின்சாரம் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் பூப்பந்து (பேட்மிண்டன்) இறுதியாட்டம், ஆடுவது நம் நாடு. மண்டோருக்கோ பூப்பந்து என்றால் உயிர்.

விடுவேனா? கடைக்கு மாதிரிக்காக வந்திருந்த சோலார் தகடு, ஒரு கார் பேட்டரி, அந்த பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைக் குட்டி டிவி, மூன்றையும் முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வியாழக்கிழமையே போய் இறங்கினேன். சுற்றிலும் ரப்பர் மரங்கள். வெயில் தாராளமாக விழுந்த ஒரே இடம், பின்புறத்துக் கோழிக்கூட்டின் தகரக் கூரை. என் இடுப்பு உயரம்தான். தகட்டை அதன்மேல் சாய்த்துக் கட்டினேன்.

பிறகு என் சொற்பொழிவு. வெயில் பட்டதும் இந்தக் கறுப்புத் தகட்டில் மின்சாரம் உண்டாகும், வயர் வழியாக பேட்டரியில் போய்ச் சேரும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். டீசல் வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை, சூரியன் பில் அனுப்பாது என்றெல்லாம் அளந்தேன். மண்டோர் கொட்டாவி விட்டார். அத்தை (செல்வியின் அம்மா) மட்டும் அக்கறையாகக் கேட்டார். வெயில் நன்றாகப் பிடிக்கிற இடம் இதுதானா என்று இரண்டு முறை விசாரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறன்று லயமே மண்டோர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. டிவியைப் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. ஆட்டம் சமநிலைக்கு வந்து, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் படம் நடுங்கியது, சுருங்கியது, ஒரு புள்ளியாகி மறைந்தது.

மண்டோர் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

தகட்டைக் கட்டிய பிறகு எட்டியே பார்க்காத கொல்லைக்கு ஓடினேன். தகட்டைக் காணோம்! கிட்டே போனால், இருக்கிறது. அதன்மேல் இண்டு இடுக்கில்லாமல் உப்புப் போட்ட நெத்திலி. கீழே இரண்டு பூனைகள் தவம் இருந்தன. பின்னாலேயே வந்த அத்தை சாவகாசமாகச் சொன்னார்: “கோலசிலாங்கூர்லேருந்து தங்கச்சி கொண்டாந்துச்சு தம்பி. நீங்கதானே இங்க வெயிலு நல்லாப் புடிக்கும்னீங்க. நேத்து போட்டது, இன்னிக்கே காஞ்சிருச்சு லா.”

அவர்மேல் தப்பே இல்லை. தகட்டில் கொஞ்சம் நிழல் விழுந்தாலே மின்சாரம் படுத்துவிடும். அந்த நீண்ட சொற்பொழிவில் நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். இவ்வளவு நேரம் ஓடியது பேட்டரியில் இருந்த பழைய இருப்பு.

மீனை வாரிக் கூடையில் போட்டு, புதுச்சட்டையாலேயே தகட்டைத் துடைத்தேன். மறுபடி எப்போது படம் வரும் என்று கேட்டார்கள். நாளைக்கு என்றேன். கூட்டம் ரேடியோ இருந்த கடைசி வீட்டுக்கு ஓடியது. மண்டோர் மட்டும் போகவில்லை.

“கடையில ஒனக்கு என்னா வேலை?” என்றார் மெதுவாக.

டிவிப் படம் போலவே என் கல்யாணமும் புள்ளியாகச் சுருங்குவது தெரிந்தது. மின்விசிறி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அடுப்படி வாசலிலிருந்து செல்வியின் குரல் கேட்டது. அதுவரை என் காதில் விழும்படி அவள் பேசியது, “காப்பி எடுத்துக்குங்க” என்பது மட்டும்தான்.

“மீன எடுத்தாச்சுல்லப்பா, இனிமே அவர அங்க காயப்போடுங்க. சட்டை நாறுது.”

மண்டோர் சிரித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் கோழிகள் மிரண்டு ஓடின. அந்த வருஷமே எங்களுக்குக் கல்யாணம்.

இப்போது ரவாங்கில் எங்கள் வீட்டுக் கூரை முழுக்க சோலார்தான். மின்கட்டணம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பொருத்த வந்த இளைஞரிடம், மேலே கருவாடு காயப்போடலாமா என்று செல்வி சிரிக்காமல் கேட்டாள். அவர் பதறிப்போய், நிழல் விழும், கூடவே கூடாது என்றார்.

செல்வி என் பக்கம் திரும்பினாள்.

“பாத்தீங்களா, இவரு மொதல்லயே சொல்லிட்டாரு.”