வாத்தின் மேல் ஒரு கையெழுத்து

ஆட்டர் சதுப்பு நிலத்தில் பறவை பார்ப்பதற்கான மரமேடையின் மூன்று படிகள் உளுத்துப்போனதை முன்னிட்டு, மேடையைப் பழுதுபார்ப்பதா, இடிப்பதா என்று தீர்மானிக்க மாவட்ட வனவுயிர் அலுவலகம் ஒரு கூட்டம் கூட்டியது.

பறவை நேசர் சங்கச் செயலாளர் நோரீன் கோப்போடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நவம்பர்களாக, தெற்கே வலசை போகும் வழியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இறங்கி இளைப்பாறும் அன்னங்களை அவள் பார்த்தது அந்த மேடையிலிருந்துதான்.

"இந்த நிலத்துக்கு உங்க சங்கம் என்ன குடுத்திருக்கு மேடம்?" என்றார் அதிகாரி ஹாப்கே.

நோரீன் கோப்பைப் புரட்டினாள். "நன்றித் தீர்மானம் பதினொண்ணு சார். அப்புறம்... கார்ல ஒட்டற படம் நானூறு."

பின்வரிசையில் வேட்டைக்காரர் எல்ராய் சிரித்தார். "அம்மணி, கழுத்துல தொங்குதே, அது என்ன விலை?"

இரண்டாயிரம் டாலர் பைனாக்குலரை நோரீன் ஸ்வெட்டருக்குள் தள்ளினாள்.

"நாங்க வருஷா வருஷம் இருபத்தஞ்சு டாலருக்கு, வேட்டை உரிமத்துக்குன்னு வாத்துப் படம் போட்ட ஸ்டாம்ப் வாங்கறோம். அந்தக் காசுல வாங்குன சதுப்பு இது. நீங்க ஓசில பாத்துட்டு, எங்களையே முறைச்சிட்டுப் போறீங்க!"

உண்மை என்பதால் சுட்டது. மறுவாரமே சங்கத்தின் நாற்பத்தொரு பேரும் ஸ்டாம்ப் வாங்கினார்கள். வேட்டைக்காரர்கள் அதன் குறுக்கே கையெழுத்துப் போடுவது சட்டம். ஆனால் அத்தனை அழகான வாத்தின் முகத்தில் கிறுக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. கண்ணாடிச் சட்டமிட்டு ஹாப்கேயிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

"கையெழுத்து இல்லையே? அப்ப இது தபால்தலை சேகரிப்போர் கணக்கு," என்றார் ஹாப்கே.

"நாங்க பறவை பாக்கறவங்க சார்."

"அப்படி ஒரு கட்டம் படிவத்துல கிடையாது மேடம்."

"கையெழுத்துப் போட்டா?"

"தாராளமா. வேட்டைக்காரர்."

சங்கம் மூன்று மணி நேரம் விவாதித்தது. நிஜ வாத்தின் நலன் கருதி, பட வாத்தைக் காயப்படுத்தலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பொருளாளர் வாத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டே கையெழுத்திட்டார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. 'ஆட்டர் சதுப்பில் வேட்டைக்காரர் எண்ணிக்கை நாற்பத்தொன்று உயர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. பறவை நோக்குவோர் ஒருவரும் பதிவில் இல்லாமையால், மேடை இடிக்கப்பட்டு, அம்மரத்தைக் கொண்டு வேட்டை மறைவுக் குடில் அமைக்கப்படும்.'

நவம்பரில் நோரீன் தயங்கித் தயங்கிக் குடிலுக்குள் நுழைந்தாள். உள்ளே எல்ராய்.

"வாங்க, சக வேட்டைக்காரரே! துப்பாக்கி எங்க?"

"இல்லை. உங்களுது?"

எல்ராய் வாசலை எட்டிப் பார்த்தார். "சுட்டு எட்டு வருஷமாச்சு அம்மணி. மனசு வரல. என் பொண்டாட்டிக்கே தெரியாது. வெளிய சொல்லிடாதீங்க." கோட்டுக்குள்ளிருந்து பழைய பைனாக்குலர் ஒன்று வெளியே வந்தது.

அன்னங்கள் இறங்கின. மேடையிலிருந்து ஒருநாளும் இவ்வளவு பக்கத்தில் தெரிந்ததில்லை. நோரீனும் ஸ்வெட்டருக்குள்ளிருந்து தன் பைனாக்குலரை எடுத்தாள்.

அப்போது படகுச் சத்தம். ஹாப்கே!

"உள்ள போடுங்க அதை! பாத்தா ரெண்டு பேரையும் வேட்டைக்காரர் பட்டியல்லேருந்து அடிச்சிடுவாரு," என்றார் எல்ராய்.

இருவரும் கொலைவெறியோடு தண்ணீரை முறைத்தார்கள். ஹாப்கே சல்யூட் அடித்து, 'வேட்டைக்காரர்: இரண்டு' என்று எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

நாணலுக்கு அப்பால் படகு நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவரும் சீருடைக்குள்ளிருந்து ஒரு பைனாக்குலரை உருவினார்.