இடப்பக்கத்துப் பிரேக்

“யாரும் வண்டியைத் தொடாதீங்க! எது எங்க இருக்கோ அங்கேயே இருக்கட்டும்!”

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் நாற்சந்தியில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் கத்தினார். உடைந்தது என்னவோ ஒரு முன்விளக்கு, நசுங்கியது ஒரு மட்கார்டு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்களுக்கு அவர் நிலைமை தெரியாது. வண்டியின் தலையில் இருந்த பலகை ‘ஒரு கீறல்கூடப் படாத பள்ளி’ என்று கொட்டை எழுத்தில் சொன்னது. அதை எழுதி வைத்தவர் அவர் மனைவி. பள்ளியும் மனைவியுடையதுதான், இவர் அதில் வாத்தியார் மட்டும். இந்த மாதம் பள்ளியின் அனுமதியைப் புதுப்பித்தாக வேண்டும். தப்பு பள்ளி வண்டி மேல் என்று காவலர் எழுதிவிட்டால் அதோடு சரி, கதவைச் சாத்த வேண்டியதுதான். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது?

வண்டியை ஓட்டிய மாணவர் ஒரு மருந்துக் கடைக்காரர். நாளைக்கு அவருக்கு லைசென்ஸ் பரீட்சை. மோதிய அதிர்ச்சியில் ஸ்டியரிங்கை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

எதிர் வண்டியிலிருந்து இறங்கியவர் ஒரு பல் டாக்டர் அம்மா.

“தப்பு யார் மேலன்னு அப்புறம் பேசிக்கலாம் சார். அங்க கிளினிக்ல ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்காரு.”

“மூடிட்டு உக்காரச் சொல்லுங்க. இங்க தீர்ப்பு ஆகாம நான் நகர மாட்டேன்,” என்றார் வாத்தியார்.

போக்குவரத்துக் காவலர் துக்க வீட்டுக்கு வருகிறவரைப் போல மெல்ல நடந்து வந்தார். இரண்டு வண்டிகளையும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

“பாருங்க சார், அவங்க வண்டி மூக்குதான் எங்க வண்டி மேல இருக்கு. அப்ப இடிச்சது யாரு?”

“உங்க வண்டிச் சக்கரம் கோட்டைத் தாண்டி இருக்கே? சந்துல இருந்து வர்றவங்கதானே நின்னு பார்த்து வரணும்?”

வாத்தியார் மாணவரைக் கை காட்டினார். “நின்னோம் சார். நின்னு, ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் வந்தோம். இவரையே கேளுங்களேன்.”

மருந்துக் கடைக்காரருக்குப் பொய் சொல்ல வராது. “நிக்கவே இல்லையே சார்,” என்றார்.

“யோவ்! ஏன்யா நிறுத்தல?”

“நீங்கதானே சொன்னீங்க?”

அடப்பாவி! நடந்தது இதுதான். வண்டி சந்துக்குள் வரும்போதே மருந்துக் கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மனுஷன் மயங்கி விழுந்துவிடுவாரோ என்று பயந்து, இதுநாள்வரை ஒருவரிடமும் சொல்லாத ரகசியத்தை வாத்தியார் அவர் காதில் போட்டுவிட்டார். ‘பயப்படாதீங்க. இடப்பக்கத்துல எனக்கும் ஒரு பிரேக் இருக்கு. ஜங்ஷன் வந்தா எல்லாருக்கும் நான்தான் போடறேன். உங்களுக்கும் போடறேன்.’ அதைக் கேட்டதும் மருந்துக் கடைக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, காலை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார்.

காவலர் குனிந்து இடப்பக்கத்துப் பெடலைப் பார்த்தார். “அப்ப நீங்கதான் போட்டிருக்கணும்.”

இனி இந்தப் பக்கம் பருப்பு வேகாது. வாத்தியார் சட்டென்று டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார். “சரி, எங்களை விடுங்க. இவங்க மெயின் ரோட்டுல வந்தாங்க, எங்க வண்டி வர்றது தெரியுது. கொஞ்சம் பிரேக்கைத் தொட்டா என்னவாம்? இவங்களுக்கு வண்டி சொல்லிக் கொடுத்தவன் யாரோ, அவனை முதல்ல உள்ள தூக்கிப் போடணும்!”

டாக்டர் அம்மா சங்கடத்தோடு சிரித்தார். “நீங்கதான் சார். போன வருஷம்.”

வாத்தியார் அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பாவம், எந்த மாணவரின் முகத்தை அவர் பார்த்திருக்கிறார்? பார்த்ததெல்லாம் கால்களைத்தான். குனிந்து டாக்டர் அம்மாவின் செருப்பைப் பார்த்தார். மெட்டி அழுந்திய அந்த விரலை எங்கே கண்டாலும் தெரியும்.

“அடடா, நீங்களா! கிளட்சை அவ்வளவு பதமா விடுவீங்களேம்மா!”

“உங்க பலகையைப் பார்த்ததும்தான் சார் நான் நிறுத்தாம வந்தேன். ஒவ்வொரு ஜங்ஷன்லயும் உங்க கால் பிரேக்குக்குப் போறதை ஓரக்கண்ணால பார்த்திருக்கேன். சார் உள்ள இருக்காரு, நிறுத்திடுவாருன்னு நம்பி வந்துட்டேன்.”

இரண்டு வண்டியிலும் இருந்தவர்கள் நம்பியது அவருடைய ஒரே காலை. அந்தக் காலால் அவர் மிதிக்காமலா இருந்தார்? பலம்கொண்ட மட்டும் மிதித்தார். வண்டி நிற்கவில்லை. வயதாகிவிட்டது, கால் பிந்திவிட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இப்போது பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி சொல்லிக் கொடுத்தவர் அவர். அத்தனை பேருக்கும் பிரேக் போட்டது இந்தக் கால். அப்படியானால் அவர்களுக்கு என்ன தெரியும்? நாற்சந்திக்கு அப்போது வந்த வண்டியெல்லாம் கோட்டில் ஒழுங்காக நின்று, ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

“எழுதிக்குங்க சார்,” என்றார். “தப்பு இவங்க ரெண்டு பேர் மேலயும் இல்ல. என் கால் மேல. ஊரையே ஏமாத்தியிருக்கேன். இன்னியோட நான் விலகிக்கறேன். பள்ளியை மட்டும் மூடிடாதீங்க, அது என் வீட்டுக்காரியோட உசுரு.”

டாக்டர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்துக் கடைக்காரர் ஒருவழியாக ஸ்டியரிங்கை விட்டார்.

அதற்குள் பள்ளி வண்டியை எப்போதும் பழுது பார்க்கும் மெக்கானிக் தகவல் தெரிந்து ஓடி வந்துவிட்டான். காவலர் அவனைக் கூப்பிட்டார்.

“எழுதறதுக்கு முன்னால, அந்த இடப்பக்கத்துப் பிரேக் சரியா இருக்கான்னு பாருப்பா. சரியா இருந்தா இவர் சொன்னபடியே இவர் கால் மேல எழுதிடறேன்.”

மெக்கானிக் குனியக்கூட இல்லை.

“அதுல பார்க்க என்ன சார் இருக்கு? இவரே மிதிச்சுக்கிட்டிருந்தா யாரும் கத்துக்க மாட்டாங்கன்னு இவர் வீட்டு அக்காதான் அதோட கனெக்ஷனைக் கழட்டச் சொல்லி வருஷக்கணக்காச்சு. பெடலை மட்டும் விட்டு வெக்கச் சொன்னாங்க, இவரு மனசு நோகக் கூடாதுன்னு.”