என் பயத்தின் நாற்காலியில் உட்கார்ந்தவர்

கண்ணை மூடிக்கொண்டு பேசுவதில் ஒரு பெரிய வசதி, கேட்பவர் முகம் தெரியாது. அதுவே பெரிய ஆபத்தும்கூட என்பதை என்னைப் போல அனுபவித்தவர்கள் திண்டுக்கல் வட்டாரத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

மகள் கல்லூரிக்குப் போன கையோடு நானும் எம்.ஏ. உளவியல் சேர்ந்தேன். ஆன்மா, கற்பனை, பக்தி மரபுகள் வழியாக மனதைப் படிக்கிற படிப்பு. கனவுக்கு ஒரு தாள், தியானத்துக்கு ஒரு தாள், சாமியாட்டத்துக்குக்கூட ஒரு தாள். செம்பட்டியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் பாடத்திட்டத்தைப் புரட்டிவிட்டு, "ஏ புள்ள, இதெல்லாம் நம்ம குலசாமி கோயில்ல ஓசியிலேயே நடக்குதே. இதுக்கு எதுக்கு டிகிரி?" என்றார். தேறாவிட்டால் கடைக் கல்லாவில் வந்து உட்காருகிறேன் என்று சவால் விட்டேன் (வாய்க்கொழுப்பு).

கடைசித் தேர்வு செய்முறை. மனதில் இருக்கும் ஒரு உணர்ச்சியை ஆளாகக் கற்பனை செய்து, எதிரே காலி நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அதோடு பேச வேண்டும். நான் எடுத்துக்கொண்டது பயத்தை. நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தங்கை கல்யாணத்தில் நான் "வாங்க" என்று வாயைத் திறப்பதற்குள் முதல் பந்தி முடிந்துவிட்டது.

மதிப்பெண் போட வெளியூரிலிருந்து வரவேண்டிய எக்ஸ்டர்னல் வந்து சேரவில்லை. "நீங்க ஆரம்பிங்க, அவர் வந்து சேர்ந்துக்குவார்" என்றார் எங்களுக்குப் பாடம் நடத்தும் மேடம். கண்ணை மூடினேன். அந்த நேரம் பார்த்து எக்ஸ்டர்னல் உள்ளே வந்திருக்கிறார். அறையில் இருந்த ஒரே காலி நாற்காலி என் பயத்தின் நாற்காலி. மனிதர் அதில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி கிரீச்சிட்டது எனக்கும் கேட்டது. பயமே நேரில் வந்துவிட்டது, கற்பனை என்றால் இதல்லவா கற்பனை என்று பூரித்துப்போனேன்.

"வாடா! இம்புட்டு வருசமா எனக்குள்ள உக்காந்து ஓசிச்சோறு தின்னுருக்க! மைக்கப் பார்த்தா கையி நடுங்குது, பெரிய மனுசங்களப் பார்த்தா வாயடைச்சுப் போகுது, எல்லாம் உன்னாலதான்!"

மேடம் "ஷ்ஷ்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"எந்திரி! எந்திரிங்கிறேன்ல!"

கண்ணைத் திறந்தேன். எதிரே ஒரு வழுக்கைத்தலைப் பெரியவர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அட்டெண்டர் அக்கா, "தாயி, எம்மகளுக்கு வரன் எப்ப அமையும்?" என்று கண்ணீரோடு கேட்டார். என்னைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார்... நீங்க எக்ஸ்டர்னலா?"

"ஆமாங்க" என்றார், கையை இறக்காமல். "உக்காரலாமுங்களா?"

கடைக் கல்லா என் கண்முன் வந்து போனது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏனுங்க, நானே சைக்காலஜி வாத்தியாரு. நீங்க எந்திரின்னதும் நான் ஏன் எந்திரிச்சேன்? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

ஆச்சரியம், நாக்கு ஒட்டவில்லை. "சின்ன வயசுல உங்க ஊர்ல சாமியாடி முன்னாடி பயந்து நின்னிருப்பீங்க சார். அந்தப் பையன் இன்னும் உங்களுக்குள்ள இருக்கான். அவன்தான் எந்திரிச்சான்" என்றேன். அதோடு விட்டேனா? கனவு, தியானம், சாமியாட்டம் என்று படித்த அத்தனையையும் கொட்டினேன். மேடம் போதும் போதும் என்று சைகை காட்டியும் நிறுத்தவில்லை.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நெய்க்காரப்பட்டிதானுங்க நம்ம ஊரு. பரீட்சையில காப்பியடிச்சதுக்கு ஒரு சாமியாடியம்மா இப்படித்தான் என்னைய நிக்க வச்சு மிரட்டுச்சு."

வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்கு. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "வாங்க, வாங்க" என்றேன். இன்று மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம்.

வீட்டுக்காரர் சோபாவில் செல்போனோடு சாய்ந்துவிட்டால் மகள், "அப்பா, அம்மா கண்ண மூடப் போறாங்க!" என்று குரல் கொடுப்பாள் (அபசகுனமாகச் சொல்லாதே என்றால் கேட்பதில்லை). அவர் உடனே எழுந்துவிடுவார். போன வாரம் எனக்கு உண்மையிலேயே தூக்கம் வந்துதான் கண்ணை மூடினேன். அதற்கும் மனிதர் எழுந்துபோய் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். கடைசித் தட்டைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்கும்வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை.