மாமாவுக்குக் குறைந்த ஒரு வாக்கு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்கள்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவோம். நானும் சம்மாந்துறையிலிருந்து ஒரு சூட்கேசோடு கல்முனைக்குப் போனேன். உடம்பு போனது, உடுப்புப் போனது, பெயர் மட்டும் போகவில்லை. அது எனக்குத் தேர்தலன்றுதான் தெரிந்தது.

மாமா, என் பெண்சாதியின் வாப்பா, இருபது வருடம் பெரிய கட்சிக்குக் கொடி கட்டியவர். அந்த வருட மாநகர சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்கு வேறொருவரை நிறுத்திவிட்டார்கள். மாமா கோபித்துக்கொண்டு, சுயேச்சையாகத் தேநீர்க் கேத்தல் சின்னத்தில் இறங்கினார். பாதித் தெரு அவரோடு கட்சி மாறியது. (மீதிப் பாதி பகல் லுஹர் தொழுகைக்கு எங்களிடம் தேநீர் குடித்துவிட்டு, பின்னேரம் அசருக்குப் பெரிய கட்சியிடம் பிரியாணி தின்றது.)

புது மருமகன் நான் மைக்கைப் பிடித்தேன். "ஒரு வாக்குக் கூட வீணாகப் போகக் கூடாது!" என்று மூன்று கிழமை தொண்டை கிழியக் கத்தினேன். மாமி முட்டைக் கோப்பி அடித்துத் தந்தார். "என்ட மருமகன்ட வாய்க்கே கேத்தல் வெல்லும் கா," என்று அடுத்த வீட்டுக்காரியிடம் பெருமையடித்தார்.

தேர்தலன்று அடையாள அட்டையை நீட்டினேன். வாக்காளர் அட்டை வராததற்குத் தபால்காரரைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன். அலுவலர் வாக்காளர் இடாப்பை இரண்டு முறை பார்த்தார்.

"ஒங்கட பேர் இதில இல்லையே தம்பி."

"நல்லாப் பாருங்க சேர். இந்த வரிசையில நிக்கிற பாதிப் பேர வரச்சொன்னதே நான்தான்."

"ஆக்கள வரச்சொன்னா மட்டும் காணா தம்பி. ஒங்கட பேரையும் கூட்டி வரணும்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணம் முடிந்த மாதம் கிராம சேவகர் வாக்காளர் பதிவுப் படிவத்தோடு வந்தபோது, "என்ட பேர் உம்மாட ஊட்டிலயே கிடக்கட்டும்," என்று பெரிய மனிதர் போலச் சொன்னவன் நான்தான். (மாமியோடு கோபம் வந்தால் திரும்பிப் போக ஒரு விலாசம் வேண்டாமா?)

வீட்டில் மூச்சு விடவில்லை. ஒரு வாக்குத்தானே!

பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு முடிவு வந்தது. மாமா ஒரு வாக்கால் தோற்றிருந்தார்.

"சமனா வந்திருந்தாலும் சீட்டுக் குலுக்கிப் பாத்திருக்கலாம்," என்றார் மாமா. "எவன் அந்த ஒருத்தன்?"

மாமி மூன்று சொந்தக்காரரை ஏசி முடித்து நாலாவது ஆளுக்குப் போகும்போது, பாவம் பார்த்து உண்மையைச் சொன்னேன். (மூன்று கிழமையில் முதல் தடவையாக மெதுவாக.)

மாமா மாமியின் பக்கம் திரும்பினார். "இதுக்கா நாளுக்கு ரெண்டு முட்ட அடிச்ச?"

இப்போது மாமா வீட்டுப் படிவத்தில் என் பெயரும் இருக்கிறது. யார் கணக்கெடுக்கிறார்கள்? கல்யாண வீட்டில் சஹன் என்ற ஒரே பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார ஆறாவது ஆள் குறைந்து, யாராவது என்னைக் கூப்பிட்டால் போதும், மச்சினன் முந்திக்கொள்வான்:

"மச்சானக் கூப்பிடாதீங்க. அவர்ட பேர் உம்மா ஊட்டுச் சஹன்லதான் கிடக்கு."