கரையான்சாவடியில் மடங்கிய முட்டி

உட்கார்ந்து சம்பாதிக்கிறவனைப் பார்த்து ஊரே பொறாமைப்படும். உட்கார்ந்த பிறகு எழுந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அவனுக்குத்தான் தெரியும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கள்ளிக்குப்பத்தில் ஏர் பிடித்த குடும்பத்திலிருந்து பட்டணத்துக் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போன முதல் ஆள் நான். (அந்தத் திமிர் என் நடையிலேயே தெரியும் என்பார்கள்.) பகலெல்லாம் நாற்காலி. காலையும் மாலையும் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை சடுகுடு. இப்படி ஓடியாடுகிற உடம்புக்கு ஒன்றும் வராது என்று மார்தட்டிக்கொண்டிருந்தபோதுதான் வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. நடந்தால் தொந்தரவில்லை. கொஞ்ச நேரம் மடக்கி வைத்தால் போதும், துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிக்கொண்டு உயிரை எடுக்கும். ஆபீஸ் மணி அடித்ததும் எல்லோரும் கிளம்பிப் போக, நான் மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு எதையோ தேடுவதுபோல் நின்றிருப்பேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பையனுக்குக் காலில் ஏதோ கோளாறாம்' என்று ஒரு வார்த்தை கிளம்பினால் ஆவடி வரைக்கும் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

அந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் அம்மாவும் தாய்மாமனும் என்னைக் கரையான்சாவடிக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் மாமா ஒரே பாட்டு. "தபாரு, பாத்துட்டு வந்துடணும். கை நனைச்சிடாத. சேக்காட்டுல நஞ்சையோட இன்னொரு எடம் கீது." பெண் வீட்டில் கை நனைத்தால், அதாவது இலை முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால், சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் வெட்டுக்குத்துதான்.

பாய் விரித்திருந்தார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெண் வந்து கும்பிட்டுவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். சிவப்புப் புடவை என்பது தெரியும். முகத்தைப் பார்த்தேனா என்றால் இல்லை. என் கவனமெல்லாம் முட்டியில். மாமாவும் பெண்ணின் அப்பாவும் மழை, ஏரித் தண்ணீர், மாட்டு வியாபாரம் என்று பேசிக்கொண்டே போனார்கள். முட்டி இறுகிக்கொண்டே போனது.

கடைசியில் பெண்ணின் அப்பா, "இலை போடச் சொல்லட்டுங்களா?" என்றார்.

"இருக்கட்டும். ஊட்டுக்குப் போய் கலந்துகினு சொல்லி அனுப்பறோம்" என்று மாமா எழுந்தார். அம்மாவும் எழுந்தாள். நானும் எழுந்தேன். (மனசளவில்.)

"இன்னாடா குந்திகினு கீற? எந்திரி" என்றார் மாமா.

கையை ஊன்றினேன். முட்டி அசையவில்லை. கூடம் முழுவதும் என்னையே பார்த்தது. உண்மையைச் சொன்னால் நொண்டி மாப்பிள்ளை; கரையான்சாவடியும் போச்சு, சேக்காடும் போச்சு.

"பசிக்குது மாமா" என்றேன்.

மாமாவின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. பெண்ணின் அப்பாவுக்கோ கண் கலங்கிவிட்டது. "மாப்ளையே கேட்டுட்டாரு, சீக்கிரம் இலை போடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமாவும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

கை கழுவ எழுந்தாக வேண்டும் என்பது சாப்பிட்டு முடிக்கும்போதுதான் உறைத்தது. தள்ளிப்போட இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். அப்புறம் ரசம் கேட்டேன். மற்றவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள். காய்ந்த கையோடு நான் ஒருத்தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. சிவப்புப் புடவை. குனிந்த தலை நிமிராமல் மெதுவாகச் சொன்னாள்: "காலை நீட்டிகினு கொஞ்ச நேரம் குந்துங்க. யாரும் வராம நான் பாத்துக்கறேன்."

வந்ததிலிருந்தே கவனித்திருக்கிறாள். அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். காலை நீட்டினேன். முட்டி மளுக்கென்று இறுக்கம் விட்டது. ஆனால் சேக்காட்டு நஞ்சை முழுவதையும் என் பேருக்கு எழுதி வைத்தாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை.

கல்யாணமான புதிதில் அவளைக் கேட்டேன். "முட்டி கோளாறுன்னு தெரிஞ்சும் ஏன் சரின்னே?"

"எந்திரிக்கவே முடியாதவரு எங்க ஓடிப் போவப் போறாருன்னுதான்" என்றாள்.

எங்கள் வீட்டுப் பையன் எவன் பெண் பார்க்கக் கிளம்பினாலும், "நின்னுகினே பாருடா, குந்தினா அவ்ளோதான்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். வீடே என்னைப் பார்த்துச் சிரிக்கும். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

"குந்தட்டும், உடுங்க" என்பாள். "குந்தினவரு இன்னா, கெட்டா பூட்டாரு?"